சொல்லி அனுப்புகிறவர் தன் பெயரைத் தருகிறார்

சிறுதொழில் நடத்தும் வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வந்தன. விளம்பரத்துக்குச் செலவழிக்க வசதியில்லாத நிலையில், இருக்கிற வாடிக்கையாளர்களின் பழக்கத்தையும் நல்லெண்ணத்தையும் கொண்டே தொழிலை வளர்ப்பது எப்படி என்று பலரும் கேட்டிருந்தார்கள். ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கேள்விகளைச் சுருக்கி, பெயர்களை நீக்கி வெளியிடுகிறோம்.

கேள்வி: பெண்களுக்கான உடைகளைத் தைத்துக் கொடுக்கும் தொழிலைத் தனி ஆளாக நடத்தி வருகிறேன். வருகிறவர்கள் எல்லோரும் அளவு கச்சிதமாக இருப்பதாக மனதாரப் பாராட்டுகிறார்கள். அவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஆனால் வேறொருவரைச் சொல்லி அனுப்புவது மட்டும் அபூர்வமாகத்தான் நடக்கிறது. நானாக வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்டால், இவளுக்கு வேலையில்லை போலிருக்கிறது என்று நினைத்துவிட மாட்டார்களா?

பதில்: பாராட்டுகிறவர் எல்லோரும் பரிந்துரைப்பதில்லை என்பதை முதலில் மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள்; இது உங்கள் தொழிலுக்கு மட்டும் நேர்ந்த குறை அல்ல. வாடிக்கையாளர்களின் மதிப்பைப் பற்றி ஆராய்ந்த வி. குமாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் 81 சதவீதம் பேர் அந்த நிறுவனத்தைப் பிறருக்குப் பரிந்துரைக்கும் எண்ணம் இருப்பதாகச் சொன்னார்கள். உண்மையில் பரிந்துரைத்தவர்கள் 30 சதவீதம் பேர்தான். அந்தப் பரிந்துரையால் புதிய வாடிக்கையாளர் ஒருவராவது வந்து சேர்ந்தது 12 சதவீதம் பேரின் விஷயத்தில் மட்டுமே. சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. எண்ணம் இருந்தது; அது செயலாவதற்கான வழி அவர்களுக்கு அமையவில்லை.

அந்த வழியை அமைத்துக் கொடுப்பதுதான் உங்கள் வேலை. உங்கள் வாடிக்கையாளர் ஏன் சொல்லி அனுப்புவதில்லை என்பதற்கு மூன்று காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன. ஒன்று, பேச்சு வரும் நேரத்தில் உங்கள் ஞாபகம் வருவதில்லை. இரண்டு, நீங்கள் தனி ஆளாக வேலை செய்வதைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே கை நிறைய வேலை இருக்கும், புதியவர்களை ஏற்க மாட்டீர்கள் என்று அவராகவே முடிவு கட்டியிருக்கலாம். கூட்டம் கூடிவிட்டால் தன்னுடைய துணி தாமதமாகும் என்று உள்ளூர எண்ணுகிறவர்களும் உண்டு. மூன்றாவது காரணம் இவற்றைவிட ஆழமானது. ஒருவரைச் சொல்லி அனுப்புகிறவர் தன் பெயரையே பிணையாகத் தருகிறார். துணி வீணாகிப் போனால் தோழி உங்களிடம் வருத்தப்படுவதைவிட, அனுப்பி வைத்தவரிடம்தான் அதிகம் வருத்தப்படுவாள். அந்தத் தயக்கத்தைப் போக்காமல் எத்தனை முறை கேட்டாலும் தலையாட்டலோடு நின்றுவிடும்.

கேட்க வேண்டிய நேரம் ஒன்று இருக்கிறது. தைத்த உடையைப் போட்டுப் பார்க்கிறார். கண்ணாடி முன் நின்று ஒரு தோளை உயர்த்திப் பார்க்கிறார். பிறகு பக்கவாட்டில் திரும்பி இடுப்புப் பகுதியைத் தடவிப் பார்த்துவிட்டு, முகம் மலர்ந்து உங்களைத் திரும்பிப் பார்க்கிறார். அந்த நேரத்தில் கேட்பதற்கும், ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. அந்த நேரத்திலும்கூட, "தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் கேட்பவர் மனதில் எந்த முகமும் தோன்றாது. "ஆயத்த ஆடை வாங்கி, தோள்பட்டை சரியாக நிற்கவில்லை என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது குறைப்பட்டுக்கொண்டால் என்னிடம் அனுப்புங்கள், புதிதாகத் தைக்க வேண்டும் என்பதில்லை, இருப்பதையே பிரித்துச் சரிசெய்து தருகிறேன், மாதத்துக்கு நான்கைந்து புதியவர்களை என்னால் ஏற்க முடியும், உங்கள் வேலை அதனால் தாமதமாகாது" என்று சொல்லிப் பாருங்கள். கேட்டவுடனேயே யாரோ ஒருவருடைய முகம் அவர் மனதில் தோன்றும். சிறிய வேலையைத் தொடக்கமாக வைத்ததால், அனுப்புகிறவருக்கு இருக்கும் ஆபத்தும் குறைகிறது. எத்தனை பேரை ஏற்க முடியும் என்று எண்ணிக்கையோடு சொல்லும்போது, வேலையில்லாமல் கேட்கிறீர்கள் என்ற எண்ணத்துக்கும் இடமில்லை.

இதற்குப் பிறகு செய்ய வேண்டியதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். சொல்லி அனுப்பப்பட்டவர் வந்த அன்றே, அனுப்பியவருக்கு ஒரு வரி தெரிவியுங்கள்: "நீங்கள் சொல்லி அனுப்பிய அம்மா வந்திருந்தார்கள், வேலையை எடுத்துக்கொண்டேன், மிக்க நன்றி." வேலை முடிந்த பிறகு இன்னொரு வரி. ஆனால் வந்தவர் என்ன தைக்கக் கொடுத்தார், எவ்வளவு செலவழித்தார், என்ன அளவு என்பவற்றையெல்லாம் நன்றி சொல்லும் உற்சாகத்தில் சொல்லிவிடக் கூடாது. அது வந்தவருடைய அந்தரங்கம். அளவு எழுதும் நோட்டிலேயே "யார் சொல்லி வந்தவர்" என்று ஒரு பத்தி போட்டு, முதல் நாளே கேட்டு எழுதிவிடுங்கள். ஓராண்டு கழித்து அந்தப் பத்தியைப் புரட்டிப் பார்த்தால், நீங்கள் எதிர்பார்த்தவர்கள் ஒருவரையும் அனுப்பாமலும், அதிகம் பேசாத யாரோ ஒருவர் ஆறேழு பேரை அனுப்பியும் இருப்பதைக் காணலாம். உங்கள் நன்றியும் கவனமும் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.

கேள்வி: வீடுகளுக்கு மின்இணைப்பு வேலைகள் செய்து தருகிறேன். நீண்ட நாள் வாடிக்கையாளர் ஒருவர் தன் ஒன்றுவிட்ட சகோதரரின் வீட்டு வேலைக்கு என்னைச் சொல்லி அனுப்பினார். அதே சமயத்தில் வேறு இரண்டு இடங்களிலும் வேலையை ஒப்புக்கொண்டிருந்ததால், சொன்ன தேதியில் முடிக்க முடியாமல் மூன்று வாரம் இழுத்துவிட்டது. இப்போது சகோதரர் கோபமாக இருக்கிறார்; அனுப்பி வைத்தவரும் முன்புபோலப் பேசுவதில்லை. இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும், ஆனால் செய்யும் வரிசை முக்கியம். நேரடியாக அறிமுகமான வாடிக்கையாளரிடம் தாமதம் செய்தால் ஒரு உறவு கெடும். சொல்லி அனுப்பப்பட்டவரிடம் தாமதம் செய்தால் மூன்று உறவுகள் கெடுகின்றன. உங்களுக்கும் புதியவருக்கும் இடையில் ஒன்று, உங்களுக்கும் பழையவருக்கும் இடையில் ஒன்று, அவர்கள் இருவருக்கும் இடையில் இருந்த சொந்தம் இன்னொன்று. மூன்றாவதுதான் உங்கள் பழைய வாடிக்கையாளரை வாட்டிக்கொண்டிருக்கும். குடும்ப நிகழ்ச்சிகளில் அவர் அந்தச் சகோதரரின் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் சகோதரரின் வீட்டுக்கு நேரில் போங்கள். தாமதத்துக்குக் காரணம் சொல்லத் தொடங்காதீர்கள். காரணம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அந்த நேரத்தில் சாக்காகத்தான் கேட்கும். மீதி இருக்கும் வேலைகளை அவர் முன்னாலேயே எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி போட்டு, தேதி தவறினால் கூலியில் என்ன குறைத்துக்கொள்வீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள். அங்கிருந்து வெளியே வந்தவுடன், சகோதரர் அழைத்துச் சொல்வதற்கு முன்பாகவே, அனுப்பி வைத்தவரை அழையுங்கள். "உங்கள் பெயரைச் சொல்லி என்னை நம்பினார்கள், மூன்று வாரம் தாமதம் செய்துவிட்டேன், இன்று நேரில் போய் இன்னின்ன தேதியில் முடிப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன், முடித்துவிட்டு உங்களுக்குத் தெரிவிக்கிறேன்" என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சகோதரரிடம் நாலு நல்ல வார்த்தை பேசிவிடும்படி மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். ஏற்கெனவே உங்களுக்காகப் பெயரைக் கொடுத்து நோகிறவரை, மறுபடியும் உங்களுக்காகப் பரிந்து பேசச் சொல்வது அநியாயம்.

குறையை நேர்மையாகத் தீர்த்து வைத்தவரிடம் வாடிக்கையாளர்கள் முன்பைவிட அதிகமாக ஒட்டிக்கொள்வதுண்டு என்று சேவைத் துறையை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் அது ஒருமுறைதான் பலிக்கும். அதே தவறு மறுபடி நடந்தால், முதல் முறை காட்டிய பொறுமைக்கும் சேர்த்து வாடிக்கையாளர் கணக்குத் தீர்த்துவிடுவார்.

இனிமேல் ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ளும்படி வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். சொல்லி அனுப்பப்பட்டு வருகிற வேலையை, மரியாதைக்காக மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். "அவர் சொல்லி வந்திருக்கிறார்களே, எப்படி மறுப்பது" என்று நினைத்துத்தான் கையில் இடமில்லாதபோதும் பலர் தலையை நீட்டிவிடுகிறார்கள். அன்றே மறுத்திருந்தால் சிறிய ஏமாற்றத்தோடு போயிருக்கும். மறுக்கும்போது வெறுங்கையோடு அனுப்பாமல், நன்றாகச் செய்கிற இன்னொரு தொழில்காரரைச் சொல்லுங்கள். அப்போது நீங்கள் உங்கள் பெயரைக் கொடுக்கிறீர்கள். அவருடைய வேலையை ஒருமுறையாவது கண்ணால் பார்த்திருந்தால் மட்டுமே கொடுங்கள். இப்படி வேலையை விட்டுக்கொடுக்கும் தொழில்காரருக்கு, அவர் கையில் வேலையில்லாத காலத்தில் மற்றவர்களிடமிருந்து வேலை திரும்பி வருவது வழக்கம்.

கேள்வி: சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். புதிய வாடிக்கையாளரை அனுப்புகிறவர்களுக்குக் கமிஷன் கொடுத்தால் என்ன என்று நண்பர் ஒருவர் யோசனை சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: உங்கள் தொழிலுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. பல நாடுகளில் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் ஆளை அனுப்புவதற்காகப் பணம் கொடுப்பதையும் வாங்குவதையும் அவர்களுடைய தொழில் ஒழுக்க விதிகள் தடுக்கின்றன. தணிக்கையாளர்களுக்கும் இது குறித்துக் கட்டுப்பாடுகள் உண்டு. ஆகவே உங்கள் தொழில் உரிமம் எந்த அமைப்பின் கீழ் வருகிறதோ, அதன் விதிகளைப் படித்துவிட்டுத்தான் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டும்.

விதி அனுமதித்தாலும் யோசிக்க வேண்டியது இருக்கிறது. பரிசு கொடுத்தால் பரிந்துரை கூடும் என்பது உண்மைதான். ரியூ, ஃபீக் என்ற இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வெகுமதியின் பலன் அதிகம் அறிமுகமில்லாதவர்களுக்குப் பரிந்துரைக்கும்போதுதான் நன்றாகத் தெரிந்தது. நெருங்கியவர்களுக்குப் பரிந்துரைக்கும்போது, அனுப்புகிறவருக்கு மட்டும் பரிசு கொடுப்பது எடுபடவில்லை, வருகிறவருக்கும் பங்கு இருந்தால்தான் பலன் இருந்தது. இதில் வியப்பில்லை. உயிர் நண்பனிடம் "இவரிடம் கணக்கைக் கொடு" என்று சொல்லிவிட்டு, அதற்காகக் காசு வாங்கியது பின்னால் தெரியவந்தால், அந்த நட்பில் ஒரு கீறல் விழத்தான் செய்யும். கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்க இடம் தரும் டிராப்பாக்ஸ் நிறுவனம் இதைச் சரியாகக் கையாண்டது. அழைத்தவருக்கும் வந்தவருக்கும் கூடுதல் சேமிப்பிடம் கொடுத்தது. 2008 செப்டம்பரில் சுமார் 1 லட்சமாக இருந்த பயனர்கள் 2010 ஜனவரியில் சுமார் 40 லட்சமாக வளர்ந்ததில் அந்தத் திட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பணம் கைமாறவில்லை, பரிசு எல்லோரும் அறிந்த ஒன்றாக இருந்தது, இருவருக்கும் சமமாகக் கிடைத்தது என்ற மூன்றையும் கவனியுங்கள்.

ஒருவர் தன் வரவு செலவையும் கடனையும் உங்கள் கையில் ஒப்படைக்கிறார் என்றால், அதன் பின்னால் இருப்பது நம்பிக்கை. அதில் கமிஷன் வாடை வந்தால் அந்த நம்பிக்கை குறையும். அனுப்பியவருக்கு நன்றி காட்ட விரும்பினால், உங்கள் அறிவையே கொடுங்கள். அவருடைய கணக்கில் வழக்கமாக உங்கள் கண்ணில் படாத ஒரு பகுதியை எடுத்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்து, வீணாகப் போகும் செலவு ஏதாவது இருந்தால் சுட்டிக்காட்டுங்கள். அதை அவர் யாரிடமும் மறைக்க வேண்டியிருக்காது. மகிழ்ச்சியோடு நாலு பேரிடம் சொல்வார்.

பரிந்துரையில் வருகிறவர்கள் வெறும் எண்ணிக்கை அல்லர் என்பதற்கும் ஆதாரம் உண்டு. ஜெர்மனியில் ஒரு வங்கியின் ஏறத்தாழ 10,000 வாடிக்கையாளர்களை மூன்றாண்டுக் காலம் வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011இல் வெளியானது. பிறர் சொல்லி வந்தவர்கள், மற்ற வழிகளில் வந்தவர்களைவிட விலகிப் போவது குறைவாக இருந்தது. வங்கிக்கு அவர்களுடைய மதிப்பு சராசரியாக 16 சதவீதமாவது கூடுதலாக இருந்தது. தன்னை அறிந்த ஒருவர், அந்த வங்கியையும் அறிந்து சேர்த்துவைக்கும்போது பொருத்தம் தானாகவே நன்றாக அமைந்துவிடுகிறது.

கேள்வி: சிறிய அச்சகம் நடத்துகிறேன். எங்களுக்கு வரும் வேலையில் முக்கால் பங்கு ஒரே ஒருவர் அறிமுகம் செய்துவைத்த நிறுவனங்களிலிருந்து வருகிறது. ஆரம்பத்தில் அவர் செய்த உதவியை மறக்க முடியாது. ஆனால் இப்போது தன் சொந்த வேலைகளை ஓசியில் அடித்துத் தரச் சொல்கிறார். தன் உறவினர் பையனை வேலைக்குச் சேர்க்கச் சொல்கிறார். மறுத்தால் எல்லோரையும் திருப்பிக்கொண்டு போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. உறவை நம்பித் தொழில் செய்கிறவர்கள் பலர் மாட்டிக்கொள்கிற இடம் இது. இதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அறிமுகம் என்பது கதவைத் திறந்து விடுவது மட்டுமே. அதற்குப் பிறகு அந்த நிறுவனங்கள் உங்களிடம் தொடர்ந்து வருவது, மைப்பூச்சு ஒரே சீராக இருப்பதாலும், கேட்ட தேதியில் கட்டு கட்டிப் போய்ச் சேர்வதாலும்தான். நன்றிக்கடன் தீர்க்க வேண்டியதுதான். ஆனால் அது முடிவில்லாத வட்டிக்கடனாக ஆகிவிடக் கூடாது.

இன்றே அவரோடு முறித்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். அந்த நிறுவனங்களில் உங்களுக்கு நேரடியாகத் தெரிந்தவர்கள் யார் என்று முதலில் பட்டியலிட்டுப் பாருங்கள். மெய்ப்பு, அதாவது பிழை பார்க்க எடுக்கும் மாதிரி அச்சு, அனுப்புவதற்கும் விலைப்புள்ளி கேட்பதற்கும் இப்போது அவர் வழியாகத்தான் பேசுகிறீர்கள் என்றால், மெல்ல மெல்ல அந்தப் பேச்சை நேரடியாக்குங்கள். மெய்ப்பை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். பொருள் வாங்கும் பொறுப்பில் இருப்பவரிடம் மட்டும் பழகாமல், அச்சான தாளைக் கையில் எடுத்துப் பயன்படுத்துகிற ஊழியரிடமும் பேசுங்கள். தாள் கனமாக இருக்கிறதா, மடிப்பில் வெடிக்கிறதா, எழுத்து சிறியதாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். அவர் சொல்வதை அடுத்த முறை திருத்திக் காட்டினால், அந்த நிறுவனத்தோடு உங்கள் உறவுக்கு இரண்டாவது வேர் விழும். ஒரு நிறுவனத்தில் ஒருவரை மட்டும் தெரிந்து வைத்திருப்பது எப்போதும் ஆபத்து. அவர் வேலையை விட்டுப் போனால் உறவும் அவரோடு போய்விடும்.

இதே நேரத்தில், அவருக்குச் சம்பந்தமில்லாத வழியில் வந்த மீதிக் கால் பங்கு வாடிக்கையாளர்களிடம் தனிக் கவனம் செலுத்துங்கள். அடுத்த இரண்டாண்டில் அவருடைய வழியாக வரும் வேலை மொத்தத்தில் பாதிக்குக் கீழே வரவேண்டும் என்று ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள். ஓசி வேலையைப் பொறுத்தவரை, இனி ஒவ்வொரு வேலைக்கும் ரசீது போடுங்கள்; அதில் முழுத் தொகையையும் எழுதி, நீங்கள் விரும்பிக் கொடுக்கும் தள்ளுபடியையும் எழுதிக் கையில் கொடுங்கள். தான் எவ்வளவு வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று பலருக்கு உண்மையிலேயே தெரிவதில்லை; எழுத்தில் பார்க்கும்போது தானாகவே அளவு குறையும். உறவினர் பையனை மற்ற விண்ணப்பதாரர்களைப் போலவே வரவழைத்துப் பாருங்கள். வேலை தெரிந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், தெரியாவிட்டால் தெரியவில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தொழில்முனைவோர் வாரந்தோறும் கூடி ஒருவருக்கொருவர் வாடிக்கையாளர்களை அறிமுகப்படுத்தும் குழுவில் சேரச் சொல்லி அழைக்கிறார்கள். சேர்ந்தால் பயன் உண்டா?

பதில்: இப்படிப்பட்ட கூட்டங்கள் புதியவை அல்ல. 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கிய ரோட்டரி சங்கம், ஒவ்வொரு தொழிலிலிருந்தும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, உறுப்பினர்கள் தங்களுக்குள் தொழில் கொடுத்து வாங்குவதையும் நோக்கமாகக் கொண்டுதான் ஆரம்பமானது. பொதுச் சேவை அதன் முகமாக ஆனது பிறகுதான். 1985இல் இவான் மைஸ்னர் அமெரிக்காவில் தொடங்கிய பிஎன்ஐ (பிசினஸ் நெட்வொர்க் இன்டர்நேஷனல்) என்ற அமைப்பு, ஒரு குழுவில் ஒரு தொழிலுக்கு ஒருவர் என்ற அதே ஏற்பாட்டை வாராந்திரக் கூட்டமாக்கி உலகம் முழுவதும் பரப்பியிருக்கிறது.

பயன் உண்டு என்பதற்கு வலுவான காரணத்தைச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் காட்டியிருக்கிறார். புதிய வேலைக்கு மாறியவர்களிடம், தகவல் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று அவர் கேட்டார். அறிமுகமானவர்கள் மூலம் வேலை பெற்றவர்களில் அடிக்கடி சந்திப்பவர் சொல்லிப் பெற்றவர்கள் ஏறத்தாழ 17 சதவீதம் பேர்தான். எப்போதாவது சந்திப்பவர் சொல்லிப் பெற்றவர்கள் சுமார் 56 சதவீதம். அபூர்வமாகச் சந்திப்பவர் சொல்லிப் பெற்றவர்கள் சுமார் 28 சதவீதம். 1973இல் வெளியான அந்த ஆய்வு சொல்லும் காரணம் எளிது: நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், தூரத்துப் பழக்கம்தான் நாம் நுழையாத வட்டங்களுக்குள் நம்மைக் கொண்டுபோகும். குழுவில் சேர்வதால் கிடைப்பது இந்தத் தூரத்துப் பழக்கங்கள்தாம்.

ஆனால் கட்டாயம் இத்தனை அறிமுகம் கொடுத்தாக வேண்டும் என்று கணக்கு வைக்கிற குழுவில் ஜாக்கிரதையாக இருங்கள். எண்ணிக்கையை நிரப்ப வேண்டிய நெருக்கடியில், வேலையைப் பார்க்காமலேயே ஒருவரை உங்கள் வாடிக்கையாளரிடம் அனுப்பி வைக்க நேரிடும். உறுப்பினராவதற்கு முன் விருந்தினராக இரண்டு மூன்று கூட்டங்களுக்குப் போய், அங்கே இருப்பவர்களின் வாடிக்கையாளர்கள் உங்களுக்கும் வாடிக்கையாளர்களாகக் கூடியவர்களா என்று பாருங்கள். வீட்டு உள்அலங்காரம் செய்பவருக்குக் கட்டடப் பொறியாளரும் தளவாடக் கடைக்காரரும் இருக்கும் குழு பொருந்தும். அவர்கள் யாரும் இல்லாத ஐம்பது பேர் கூட்டத்தைவிட, இவர்கள் இருவரோடு மாதம் ஒருமுறை தனியாகச் சந்தித்துப் பேசுவதே மேல். சேர்ந்தால் ஓராண்டாவது இருங்கள். முதல் சில மாதங்களில் வேலை வரவில்லை என்று விலகுகிறவர்கள் நிறைய. அந்த மாதங்களில் மற்றவர்கள் உங்களைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கேள்வி: இணையத்தில் எங்கள் கடைக்கு நட்சத்திர மதிப்பீடு குறைவாக இருக்கிறது. நண்பர்களையும் உறவினர்களையும் ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். உங்களிடம் எதுவும் வாங்காதவர் எழுதுவது பொய்ச் சாட்சி. அமெரிக்காவில் போலி மதிப்புரைகளை வாங்குவதையும் விற்பதையும் தடைசெய்யும் விதி 2024இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. வேறு பல நாடுகளிலும் இது நுகர்வோர் சட்டத்தின்படி குற்றம். உண்மையாக வாங்கியவர்களிடம், திருப்தியடைந்தவர் அடையாதவர் என்று பிரிக்காமல் எல்லோரிடமும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். குறை எழுதியவருக்குப் பொது இடத்திலேயே நிதானமாக இரண்டு வரியில் பதில் சொல்லுங்கள். புதிதாக வருகிறவர் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, அடுத்தபடியாக அந்தப் பதிலைத்தான் படிக்கிறார்.

கேள்வி: கணினி பழுதுபார்க்கும் தொழிலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். சொல்லி அனுப்புவதற்கு எனக்கு வாடிக்கையாளர்களே இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் உறவினர்கள். அவர்கள் காசு கொடுப்பதில்லை. முதல் பரிந்துரை எங்கிருந்து வரும்?

பதில்: அந்த உறவினர்களிடமிருந்துதான் வரும், ஆனால் இப்போது நடக்கிற முறையில் வராது. சும்மா செய்து கொடுத்த வேலையை யாரும் தொழில் என்று நினைப்பதில்லை. "எங்கள் பையன் கம்ப்யூட்டர் பார்ப்பான், சும்மாவே செய்து தருவான்" என்றுதான் வெளியில் சொல்வார்கள். அப்படிச் சொல்லி வருகிறவர்களும் சும்மாவே எதிர்பார்த்து வருவார்கள். நீங்கள் எப்படி அறிமுகமாகிறீர்களோ அப்படித்தான் நடத்தப்படுவீர்கள்.

ஆகவே உறவினருக்குச் செய்தாலும் முறையாகச் செய்யுங்கள். கணினியை வாங்கும்போது என்ன குறை என்று எழுதி, கையெழுத்து வாங்குங்கள். வேலைக்கு முன் அவருடைய கோப்புகளை நகலெடுத்து வைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்; முடிந்த பிறகு, எந்த உதிரிபாகத்தை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள், பழையது எங்கே என்று காட்டிக் கொடுங்கள். அத்தையோ மாமாவோ, கூலி வாங்க மனம் வராவிட்டால் வாங்க வேண்டாம். ஆனால் ரசீதில் வழக்கமான கூலி இவ்வளவு, உங்களுக்காக விட்டுத்தருவது இவ்வளவு என்று எழுதியே கொடுங்கள். உதிரிபாகத்தின் விலையை மட்டும் யாரிடமும் விட்டுத்தராதீர்கள். அத்தை வேலை பார்க்கும் இடத்தில் யாருக்காவது கணினி பழுதானால், அந்த ரசீதை நினைவில் வைத்துத்தான் அவர் பேசுவார்.

வெளியாள் ஒருவர் முதன்முதலாக வந்ததும், வேலையைக் கொடுத்து அனுப்பிய ஒரு வாரத்தில் நீங்களே அழைத்து, இயந்திரம் சரியாக ஓடுகிறதா, சூடாகிறதா, சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். அந்த அழைப்பில் வேறு எதையும் கேட்காதீர்கள், விற்காதீர்கள். பழுதுபார்த்தவர் தாமாக அழைத்து விசாரிப்பது மக்களுக்குப் பழக்கமில்லாத ஒன்று என்பதால், அவர் அதை வீட்டிலும் அலுவலகத்திலும் சொல்லிக்கொள்வார். இரண்டாவது முறை அவரே ஏதாவது வேலையாக வரும்போது, அவருடைய அலுவலகத்தில் கணினிகளை யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்று விசாரித்து, அந்த நபரிடம் அறிமுகம் செய்துவைக்க முடியுமா என்று கேளுங்கள். முதலில் ஒரே ஒரு இயந்திரத்தைப் பார்க்கக் கொடுத்தால் போதும் என்று சொல்லுங்கள்.